ட்யூக் தெருவில் நிற்கும் சகோதரிகள்: வாஷிங்டன் வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வாஷிங்டன், வடக்கு வர்ஜீனியா, மேரிலாந்து பகுதித் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும், வார இறுதித் தூக்கத்தை விட்டுப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர்களுக்கும்,

வணக்கம்.

சித்திரை விழாவை ஒட்டி மூத்த வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே கூட்டிப்போவது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு எங்கே போகலாம் என்று நான் உதவி செய்யும் பள்ளியில் பேச்சு வந்தபோது, வர்ஜீனியாவின் அலெக்ஸாண்டிரியாவில் ட்யூக் தெருவில் இருக்கும், அடிமைமுறையிலிருந்து தப்ப முயன்ற கறுப்பினப் பெண்களான எட்மன்சன் சகோதரிகளின் நினைவுச்சிலைக்குப் போகலாம் என்றேன். "அது நம் கதை இல்லையே" என்றார் ஒருவர். "பிள்ளைகளுக்கு இதெல்லாம் கனம்" என்றார் இன்னொருவர். கடைசியில் வழக்கம்போல விண்வெளி அருங்காட்சியகம் என்று முடிவாயிற்று. அந்த அருங்காட்சியகத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அங்கே எந்த ராக்கெட் எந்த மூலையில் இருக்கிறது என்று நம் பிள்ளைகளே ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். அவர்கள் ஒருமுறைகூடப் போகாத இடம் ஒன்று, நம்மில் பலர் தினமும் காரில் கடந்துபோகும் சாலையிலேயே இருக்கிறது. கூட்டத்தில் சொல்லி முடிக்க முடியாததை எல்லாப் பள்ளிகளுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ட்யூக் தெரு 1701ஆம் எண் கட்டடத்தை ஒட்டி அந்தச் சிலை நிற்கிறது. எரிக் ப்ளோம் என்ற சிற்பி வடித்த வெண்கலச் சிலை, 2010இல் நிறுவப்பட்டது. பத்தடி உயரத்தில், பாறையிலிருந்து வெளியே வருவதுபோல இரண்டு இளம்பெண்கள். பக்கத்திலேயே 1707ஆம் எண்ணில் ஒரு பழைய செங்கல் வீடு. 1840களில் ஜோசப் புரூயின் என்ற அடிமை வியாபாரி, விலைக்கு வாங்கிய மனிதர்களைத் தெற்கே அனுப்பும்வரை அடைத்துவைத்த இடம் அது. சிலையில் இருக்கும் பெண்களும் அந்த வீட்டில்தான் பூட்டிவைக்கப்பட்டிருந்தார்கள்.

அவர்கள் மேரி எட்மன்சன், எமிலி எட்மன்சன். ஊர் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி. ஜெர்மன்டவுன், கெய்தர்ஸ்பர்க் என்று இன்று நம் குடும்பங்கள் நிறைந்திருக்கும் அதே கவுன்டிதான். தகப்பனார் பால் எட்மன்சன் சுதந்திர மனிதர், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து உழுதவர். தாயார் மில்லி அடிமை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி என்பது அன்றைய சட்டம். ஆகவே அந்த வீட்டில் பிழைத்து வளர்ந்த பதினான்கு பிள்ளைகளும் பிறக்கும்போதே வேறொருவரின் சொத்து. வேலை செய்யும் வயது வந்ததும் ஒவ்வொருவராக வாஷிங்டன் நகரத்து வீடுகளுக்கு வாடகைக்கு அனுப்பப்பட்டார்கள். உழைப்பு அவர்களுடையது, கூலி உடைமைக்காரருடையது.

1848 ஏப்ரல் 15, சனிக்கிழமை இரவு. மேரிக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும், எமிலிக்குப் பதின்மூன்று. நம் ஆறாம் நிலை, ஏழாம் நிலை மாணவிகளின் வயது. நான்கு அண்ணன்மாருடன் அவர்கள் பொட்டோமக் ஆற்றங்கரையில் நின்றிருந்த 'பேர்ல்' என்ற பாய்க்கப்பலில் ஏறினார்கள். மொத்தம் எழுபத்தேழு பேர் அதில் ஒளிந்திருந்தார்கள். ஆற்றின் வழியே கீழே இறங்கி, செசபீக் விரிகுடாவில் வடக்கே திரும்பி, அடிமைமுறை இல்லாத மண்ணைத் தொட்டுவிட வேண்டும் என்பது திட்டம். வீட்டு வேலைக்காரிகள், சமையல்காரர்கள், கைக்குழந்தைகள் என்று அத்தனை பேருக்கும் ரகசியமாகச் சேதி சொல்லி ஒரே இரவில் கிளப்பியிருக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இருந்த ஒழுங்கை நினைத்துப் பாருங்கள். நமக்கு ஆண்டு விழாவுக்கு நாற்பது பிள்ளைகளை நேரத்துக்கு மேடை ஏற்றவே மூச்சு முட்டுகிறது.

அதே வாரத்தில் வாஷிங்டனில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. பிரான்சில் மன்னராட்சி ஒழிந்து குடியரசு வந்ததைக் கொண்டாட, தீவட்டி ஊர்வலமும் மேடைப் பேச்சும் அமர்க்களப்பட்டன. மிசிசிப்பியைச் சேர்ந்த ஃபூட் என்ற செனட்டர், கொடுங்கோலர்களின் காலமும் அடிமைத்தனத்தின் காலமும் முடியப்போகிறது என்று முழங்கினார். பேர்ல் தப்பியோடிய செய்தி வெளிவந்த சில நாட்களில், அதே ஃபூட், அடிமைமுறையை எதிர்த்த சக செனட்டர் ஒருவரை மிசிசிப்பிக்கு வந்தால் மரத்தில் தூக்கிலிடுவோம், நானே கை கொடுப்பேன் என்று செனட் சபையிலேயே மிரட்டினார். உயர்நிலை மாணவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லிவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டால் போதும், மீதியை அவர்களே பேசுவார்கள்.

கப்பல் தப்பவில்லை. முதலில் காற்றே இல்லை. பிறகு ஆற்றின் முகத்துவாரத்தில் எதிர்க்காற்று. பாய்ண்ட் லுக்அவுட் அருகே நங்கூரமிட்டு ஒதுங்கியிருந்தபோது, ஆயுதம் ஏந்திய கூட்டத்துடன் ஒரு நீராவிக் கப்பல் வந்து பிடித்துவிட்டது. எல்லோரையும் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து தெருவில் ஊர்வலமாக நடத்தினார்கள். கூட்டத்தில் ஒருவன் சகோதரிகளைப் பார்த்து, ஓடிப்போய் இத்தனை பேருக்குத் தொல்லை கொடுத்தீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டானாம். இல்லை, மறுபடி வாய்த்தாலும் இதையேதான் செய்வோம் என்று எமிலி சொன்னதாக அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

ஆறு பேரையும் 4,500 டாலருக்கு புரூயினின் நிறுவனம் வாங்கியது. நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு அனுப்பியது. அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. சரக்கு கெட்டுவிடும் என்ற வியாபாரக் கவலையில் சகோதரிகள் அலெக்ஸாண்டிரியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். பகலில் துவைப்பது, இஸ்திரி போடுவது, தைப்பது, இரவில் பூட்டு. இருவருக்கும் சேர்த்து 2,250 டாலர் விலை சொன்னான் புரூயின்.

பால் எட்மன்சன் நியூயார்க்குக்குப் போனார். பணம் இல்லை, அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தாரைப் போய்ப் பார்த்தார். அவர்கள் வழியாக ஹென்றி வார்டு பீச்சர் என்ற பாதிரியாரின் வாசலுக்கு வந்தார். பீச்சர் பெரிய கூட்டம் ஒன்றில் எழுந்து பேச, பணம் சேர்ந்தது. 1848 நவம்பர் 4 அன்று மேரியும் எமிலியும் விடுதலையானார்கள்.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பீச்சரின் பேச்சில் வந்து நின்றுவிடுகிறார்கள். உருக்கமான பேச்சு, கண்ணீர், தட்டில் விழும் காசு, விடுதலை, சுபம். கேட்கிற பிள்ளையின் மனத்தில், யாரோ ஒரு நல்ல வெள்ளைக்காரர் இரண்டு பெண்களைக் காப்பாற்றினார் என்பது மட்டும் தங்கும். பீச்சரின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் கப்பலில் ஏறியவர்கள் அந்தப் பெண்கள். ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியவர் அந்தத் தகப்பன். பீச்சருக்கு அது ஒரு மாலைப்பொழுது.

விலைகொடுத்து மீட்பது சரியா என்று அடிமைமுறையை எதிர்த்தவர்களுக்குள்ளேயே சண்டை இருந்தது. புரூயினுக்குக் கொடுத்த காசில் அவன் இன்னும் இரண்டு பேரை வாங்குவான் என்பது ஒரு பக்கம். கண்ணெதிரே இருக்கும் மகளை விட்டுவிட்டுத் தத்துவம் பேச முடியுமா என்பது மறுபக்கம். இதற்கு விடை சொல்லாமல் பிள்ளைகளிடமே விடுங்கள். பட்டிமன்றம் நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? 'பண்டிகையின் பெருமைக்குக் காரணம் உடையா, உணவா' என்று எத்தனை ஆண்டுகள்தான் வாதாட வைப்போம்?

அதோடு, விடுதலைக்குப் பின் வந்த ஆண்டுகளையும் விட்டுவிடக் கூடாது. எனக்குப் பிடித்த பகுதி அதுதான். இருவரும் நியூயார்க் மாநிலத்தில் படித்தார்கள். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் இருந்த 1850 ஆகஸ்ட்டில், கேசனோவியா என்ற ஊரில் அதை எதிர்த்து நடந்த மாநாட்டில் கலந்துகொண்டார்கள். அந்த மாநாட்டுப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அடிமைமுறையிலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் நடுவில் உட்கார்ந்திருக்க, கட்டம்போட்ட சால்வை போர்த்திய இந்தப் பெண்கள் இருவரும் அருகில் நிற்கிறார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் ஒளியவில்லை. அந்தப் படத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சிலையின் முன் நிற்கவைத்தால், பிள்ளைகள் வெண்கல முகத்தையும் நிஜ முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

பிறகு இருவரும் ஓஹாயோவில் ஓபர்லின் கல்லூரிக்குப் போனார்கள். 1853இல் மேரி அங்கேயே காசநோயில் இறந்துபோனார். இருபது, இருபத்தொரு வயதுதான். எமிலி வாஷிங்டனுக்குத் திரும்பி வந்தார். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்னால் எந்தத் தெருவில் கைதியாக நடத்தப்பட்டாரோ அந்த நகரத்துக்கே வந்து, மிர்டில்லா மைனர் என்ற ஆசிரியை கறுப்பினப் பெண்களுக்காக 1851இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து பணியாற்றினார். அந்தப் பள்ளியைப் பிடிக்காதவர்கள் கல்லெறிந்தார்கள், தீவைக்கப் பார்த்தார்கள். மைனரும் எமிலியும் பள்ளி வளாகத்தில் தனியாகத் தங்கியிருந்த நாட்களில் துப்பாக்கி சுடப் பழகினார்கள். அதைப் போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்றே பழகினார்கள். அந்தப் பள்ளியின் கிளைவழியில் வந்ததுதான் இன்றைய கொலம்பியா மாவட்டப் பல்கலைக்கழகம். எமிலி 1860இல் திருமணம் செய்துகொண்டு, சில காலம் மேரிலாந்தின் சாண்டி ஸ்பிரிங்கிலும் பிறகு வாஷிங்டனின் அனகோஸ்டியாவிலும் வாழ்ந்து, 1895இல் இறந்தார். அனகோஸ்டியாவில் அவருக்கு அக்கம்பக்கத்தார் டக்ளஸ் குடும்பம்.

இனி, "நம் கதை இல்லையே" என்ற பேச்சுக்கு வருகிறேன்.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களைப் பற்றி பாரதியார் பாடியதை நம் பிள்ளைகள் மேடையில் கண்கலங்க ஒப்பிக்கிறார்கள். நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். நம் பெண் என்றால் எத்தனை கடல் தாண்டினாலும் நம் கதை. அடுத்த தெருவில் அடைபட்டிருந்த பெண் என்றால் வேறு யாருடைய கதையோ. இந்தக் கணக்கைப் பாரதியாரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்னும் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். அடிமை வியாபாரம் நம் ஊருக்குத் தெரியாததும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை விலைக்கு வாங்கிப் படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றிச் சென்றன. பஞ்சம் வந்த ஆண்டுகளில் வியாபாரம் கொழித்தது. அது போக, உள்ளூரிலேயே நிலத்தோடு சேர்த்து ஆட்களை விற்றதற்கும் அடகு வைத்ததற்கும் ஓலைகள் இருக்கின்றன. அடிமையுரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சட்டம் போட்டது 1843இல். பேர்ல் கப்பல் கிளம்பியதற்கு ஐந்தே ஆண்டுகள் முன்பு. சட்டம் வந்த பிறகும் தஞ்சாவூர்ப் பண்ணைகளில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பது நம் தாத்தாக்களுக்குத் தெரியும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. இதில் உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் மாறும். சில வீடுகளில் அந்தக் கேள்வியே பிடிக்காது. ட்யூக் தெருவுக்குக் கூட்டிப்போனால் எந்தப் பிள்ளையாவது அதைக் கேட்டுவிடும் என்பதுதான் நம் தயக்கத்தின் ஒரு பகுதியோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்கட்டுமே.

நாம் இந்த நாட்டுக்கு வந்த வழியையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ஆசியர்களுக்கு ஏறக்குறைய மூடிக்கிடந்த கதவைத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். அது கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில், 1964 குடிமை உரிமைச் சட்டத்துக்கு மறு ஆண்டு, வாக்குரிமைச் சட்டம் வந்த அதே ஆண்டில் வந்தது. நம் முதல் தலைமுறை மருத்துவர்களும் பொறியாளர்களும் நல்ல மதிப்பெண்ணால் மட்டும் இங்கே வந்துவிடவில்லை.

"கனம்" என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. மேரிக்கும் எமிலிக்கும் புரூயின் ஏன் அத்தனை விலை சொன்னான், நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் இளம்பெண்களை எதற்கு வாங்கினார்கள் என்பதை ஐந்து வயதுக் குழந்தையிடம் பேச முடியாது. ஆகவே மழலை, அடிப்படை நிலைகளை விட்டுவிடுவோம். ஐந்தாம் நிலைக்கு மேலே உள்ளவர்களுக்குக் கப்பல், பிடிபட்டது, தகப்பன் அலைந்தது, படித்தது, துப்பாக்கி, இவை போதும். உயர்நிலை மாணவர்களிடம் அந்தச் சந்தையைப் பற்றியும் மறைக்காமல் பேசலாம், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. இதைவிடக் கொடுமையான காட்சிகளை அவர்கள் கைபேசியில் துணையில்லாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சிலையோடு நிறுத்த வேண்டியதும் இல்லை. அதே ட்யூக் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் 1315ஆம் எண்ணில் ஃப்ரீடம் ஹவுஸ் அருங்காட்சியகம். 1828இலிருந்து எட்டு ஆண்டுகள் ஃபிராங்க்ளின், ஆர்ம்ஃபீல்டு என்ற இருவர் நடத்திய நிறுவனத்தின் வளாகம் அது; இந்த நாட்டின் மிகப் பெரிய அடிமை வணிக நிறுவனங்களில் ஒன்று. 2020இல் நகராட்சியே அந்தக் கட்டடத்தை வாங்கி, 2022இல் புதுப்பித்துத் திறந்தது. ஏன் இந்த ஒரே தெருவில் இத்தனை என்று பிள்ளைகள் கேட்பார்கள். அலெக்ஸாண்டிரியா முதலில் தலைநகரின் எல்லைக்குள்ளேயே இருந்தது. 1847இல் வர்ஜீனியாவோடு சேர்ந்துகொண்டது. 1850இல் தலைநகரில் அடிமை வியாபாரம் தடைசெய்யப்பட்டபோது, ஆற்றுக்கு இக்கரையில் இருந்த புரூயினின் கதவு திறந்தே இருந்தது. உள்நாட்டுப் போர் வந்தபிறகுதான் மூடியது. அப்போது புரூயினே கைதாகி வாஷிங்டன் சிறையில் இருந்தான் என்பதைச் சொன்னால் பின்வரிசைப் பையன்கள் கைதட்டுவார்கள்; தட்டட்டும்.

நேரம் இருந்தால் தெற்கு வாஷிங்டன் தெருவில் இருக்கும் விடுதலை பெற்றோர் கல்லறை நினைவிடத்துக்கும் போகலாம். போர்க்காலத்தில் அடிமைமுறையிலிருந்து தப்பி இந்த ஊரில் தஞ்சம் புகுந்து, நோயிலும் பசியிலும் இறந்த சுமார் 1,800 பேர் அங்கே புதைக்கப்பட்டார்கள். 1950களில் அந்த இடத்தின்மேல் ஒரு பெட்ரோல் பங்க் கட்டினார்கள். அதை அகற்றி, 2014இல் நினைவிடமாக்கினார்கள். அந்த அகதிகளுக்குத் துணி, மருந்து, பள்ளிக்கூடம் என்று ஓடியவர் ஹேரியட் ஜேக்கப்ஸ். வட கரோலினாவில் தன் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்கவும் முடியாத பொந்தில் ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்து 1842இல் வடக்கே தப்பிய பெண். தன் வரலாற்றைத் தானே எழுதி 1861இல் வெளியிட்டவர். 1864 ஜனவரியில் அலெக்ஸாண்டிரியாவில் அவர் பெயரிலேயே ஒரு பள்ளி திறந்தது. அதை யார் நடத்துவது என்ற பேச்சு எழுந்தபோது, வெள்ளைக்கார மிஷனரிகளிடம் விடாமல் கறுப்பினத்தவர்களே நடத்த வேண்டும் என்று ஜேக்கப்ஸும் அந்த ஊர்க் கறுப்பின மக்களும் நின்றார்கள். வார இறுதிகளில் இரவல் வகுப்பறையில் சொந்தப் பள்ளி நடத்தும் நமக்கு அந்தப் பிடிவாதம் நன்றாகவே விளங்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. பேர்ல் கிளம்பிய நாள் ஏப்ரல் 15. புத்தாண்டுக்கு அடுத்து வரும் சனிக்கிழமையை ஒவ்வொரு பள்ளியும் இதற்காக ஒதுக்கலாம். வர்ஜீனியாப் பள்ளிகளும் மேரிலாந்துப் பள்ளிகளும் சேர்ந்தே வந்தால் இன்னும் நல்லது. இந்தச் சகோதரிகளின் ஊர் அக்கரை, சிறை இக்கரை. கதையைச் சொல்லும் பொறுப்பைப் பெரிய மாணவர்களிடமே, தமிழில் சொல்லும்படி கொடுங்கள். ஆளுக்கு ஒரு பகுதி. ஒருவர் மேரி, ஒருவர் எமிலி, ஒருவர் பால் எட்மன்சன். ஆங்கிலப் பள்ளியில் பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதப் பாடமாகக் கேட்டு மறந்ததை, சொந்த வாயால் அப்பா அம்மாவுக்குச் சொல்லும்போது மறக்க மாட்டார்கள். நமக்கும் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டதாக இருக்கும். பெரியவர்களில் பலருக்கு அந்தச் சிலை இருப்பதே தெரியாது.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. மெட்ரோவில் வந்தால் கிங் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். வாகன நெரிசல் உள்ள சாலை என்பதால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கூடவே வர வேண்டும். அருங்காட்சியகத்துக்குக் குழுவாகப் போவதென்றால் முன்பதிவு தேவையா என்று நகராட்சியிடம் கேட்டுச் சொல்ல நான் தயார். எட்மன்சன் குடும்பத்தின் கதையை இரண்டு நிலைகளுக்கும் ஏற்றபடி எளிய தமிழில் நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்திக்கொள்ளலாம். அடுத்த கல்வியாண்டுக்கான நாட்காட்டியைப் பள்ளிகள் அச்சுக்கு அனுப்புவதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது. மறுப்பாக இருந்தாலும் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
அலெக்ஸாண்டிரியாவில் வசிக்கும் ஒரு பெற்றோர், தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர்